பம்பாயிலிருந்து வரும் டேப்

வெள்ளத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம், தில்லியிலிருந்த எங்கள் அலுவலகத்துக்குப் வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளி சமயத்தில், பம்பாயிலிருந்து புதுப்பித்து டேப்பில் வரும். யமுனைக்காக நாங்கள் செய்துவைத்த திருத்தங்கள் புது டேப்பில் இருக்காது. எல்லாவற்றையும் மறுபடி நுழைப்பது என் வேலை. வருஷாவருஷம் என் தீபாவளி விடுப்பு அதில்தான் கரையும்.

"இந்தத் தடவையும் உங்க போட்டோவுக்கே எண்ணெய் தேய்ச்சு விட்டுடறேன்" என்று கும்பகோணத்திலிருந்து மனைவி எழுதினாள்.

வெறுத்துப்போய், புரோகிராமை எழுதிய பம்பாய்த் தமிழ் அம்மாளுக்கு டிரங்க்கால் போட்டுக் கத்தினேன்.

"அச்சா, அந்தத் திருத்தத்தை எங்களுக்கு அனுப்பினீங்களா, சார்?"

"இல்லையே. நாங்க தலைமை அலுவலகமாச்சே!"

"அனுப்பியிருந்தா டேப்பிலேயே சேர்த்திருப்பேனே!"

அனுப்பினேன். அடுத்த டேப் எங்கள் திருத்தங்களோடு வந்தது. தீபாவளிக்கு ரயிலேறியும் சந்தோஷம் வரவில்லை. ஒரு தபாலில் தீர்ந்திருக்கக்கூடிய களைப்புக்கு, இத்தனை காலம் உழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறேன்.