காலாவதியான நாற்பத்து மூன்று நாள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டார்லா குசேராவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய்க்கான சோதனை முடிவைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, மேற்கொண்டு ஆகவேண்டியதற்கு வழிகாட்டும் மரபணு ஆலோசகர் அவள். இந்த வேலைக்கு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தேசியச் சான்றிதழ். இன்னொன்று, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாநிலத்திடம் புதுப்பிக்கவேண்டிய உரிமம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவளே டார்லாதான்.

அப்பேர்ப்பட்டவள் இந்த வசந்தத்தில் என்ன செய்தாள் தெரியுமா? சான்றிதழைப் புதுப்பித்துச் சட்டம் போட்டு மாட்டினாள், பிரிவில் எல்லாருக்கும் கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டி வாங்கிக் கொடுத்தாள், உரிமத்தைக் கோட்டை விட்டாள். மாநிலத்திலிருந்து நினைவூட்டல் வந்தபோதுகூட, அதான் முடித்தாயிற்றே என்று தள்ளிவிட்டாள். இன்சூரன்ஸ் பில் ஒன்று திரும்பி வந்தபோதுதான் குட்டு உடைந்தது. உரிமம் காலாவதியாகி நாற்பத்து மூன்று நாள். அதற்குள் முப்பத்தொரு பேருக்கு ஆலோசனை சொல்லி முடித்திருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம்!

உரிமத்தை மீட்கும் வரை வரவேண்டாம் என்று பிரிவுத் தலைவர் ராய் அவளை வீட்டுக்கு அனுப்பினார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது, அவளிடம் பாடம் கேட்ட சின்னப் பெண்கள் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை சமையலறை மேஜையில் மீட்பு விண்ணப்பத்தை விரித்தாள். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. உரிமம் காலாவதியான பிறகு தொழில் செய்தீர்களா? இல்லை என்றால் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். ஆம் என்றால் விசாரணை. ஊர் முழுக்கப் படிக்கிற தண்டனைப் பட்டியலில் பெயர். அவள் கிளம்பும்போதே ராய் காதில் ஓதியிருந்தார்: "சோதனை முடிவுல கையெழுத்து டாக்டரோடதுதானே? இல்லன்னு எழுதிட்டுப் போ, டார்லா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார். சொல்லப்போனால் அவளும் மறைக்கக் கரண்டியை எடுத்துவிட்டாள்.

அப்போது போன் அடித்தது. சோளம் விதைக்கும் வெர்லின் ஹ்ருஸ்கா. அவருக்கு இருக்கும் கெட்ட மரபணு தங்கை மெர்னாவுக்கும் இருக்கலாம், போய்ச் சொல்லுங்கள் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் அவரை விரட்டியவள் டார்லா. நிலத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. எந்த முகத்தோடு போவேன் என்று அவர் குமைந்தபோது, வெட்கம் ஒரு நாளைக்குத்தான் என்று கண்டிப்பாகவே சொல்லியிருந்தாள்.

அவர் போய்விட்டாராம். மெர்னா முதலில் கதவைச் சாத்தினாளாம், பிறகு காபி போட்டுக் கொடுத்தாளாம். வியாழக்கிழமை இருவரும் டார்லாவைப் பார்க்க வருகிறார்களாம்.

"நான் லீவுல இருக்கேன், வெர்லின்."

"அய்யய்யோ, உடம்பு சரியில்லையாம்மா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்றேன்."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஊரே கூடித் தன் பொய்க்காக முழங்கால் போடுவதா?

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. என் லைசன்ஸ் காலாவதியாயிடுச்சு. உங்களுக்குச் சொன்ன அன்னைக்கே அது இல்ல. சொல்ற உரிமையே எனக்கு இல்ல."

வெர்லின் முதலில் கேட்டது இதுதான்:

"சொன்ன விஷயம் நிஜம்தானே?"

"நிஜம். வேற ஆளை வச்சு மறுபடி பாத்துக்கலாம்."

"மெர்னாகிட்ட நானே சொல்லிக்கறேன்." பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "அன்னைக்கு எனக்குச் சொன்னப்ப உங்களுக்கு ரொம்பச் சுலபமா இருந்துச்சு, இல்லம்மா?"

"ஆமா," என்றாள் டார்லா. "சுலபமாத்தான் இருந்தது."

போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஏழாவது கேள்விக்கு நேரே ஆம் என்று குறித்தாள். எத்தனை பேர் என்ற கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதினாள். பிறகு மீதி முப்பது பேருடைய தொலைபேசி எண்களை ராயிடம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள்.