ஐம்பது தலைக்கு ஓர் அண்டா கூழ்

2023 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது. மழை என்று சொல்ல முடியாது. என் கண்ணாடியில் ஒன்பது துளி விழுந்தது, அவ்வளவுதான். காற்று மட்டும் ஆடி மாதக் காற்றாகவே அடித்தது. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் பிள்ளையார்பாளையத்தில் நான் இறங்குவதற்குள், எங்கள் இருபத்தைந்தாம் ஆண்டு விழா பேனரின் ஒரு மூலை கிழிந்து எதிர்வீட்டுப் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் சமூகநல வரலாற்றுக் கழகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஏழைகளுக்கு யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று தேடிச் சேர்ப்பது எங்கள் வேலை. பழைய அநாதை இல்லம், பிரசவ விடுதி, சத்துணவுக் கூடம், நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுபோன காலத்தில் நெசவாளர்களுக்கு வைத்த கஞ்சித் தொட்டி, எல்லாவற்றுக்கும் எங்களிடம் படமும் காகிதமும் உண்டு. அவை பதினான்கு இரும்புப் பெட்டிகளில் இருக்கின்றன. பெட்டிகள் ஒரு பட்டு வியாபாரியின் மாடி அறையில் இருக்கின்றன. வாடகை கிடையாது.

அந்த வியாபாரி சித்திரை மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சார், இத்தினி வருசமா மாடியில இன்னா பண்ணிக்கினு இருக்கீங்கன்னு எனக்கே தெரியாது. கீழ செல்போன் ரிப்பேர் பண்ற பையன் ரூம் கேட்டு அட்வான்ஸோட நிக்கிறான். ஒண்ணு சொல்றேன். உங்க விழாவுக்கு அம்பது பேர் வந்தா ரூம் உங்களுது. வரலன்னா அவனுது."

முந்தைய ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். அறை போனால் பதினான்கு பெட்டிகளும் பொருளாளர் என்ற முறையில் என் வீட்டுக்குத்தான் வரும். என் வீட்டில் இரண்டே அறைகள். "பெட்டிங்க உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னதைச் செய்யாத சந்தர்ப்பம் நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

எங்கள் கழகம் பிறந்தது ஐப்பசியில். ஐப்பசியில் மழை வரும், ஆகவே விழாவை ஆடிக்கு நகர்த்தலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். ஒரு வரலாற்றுக் கழகத்தில் பிறந்த தேதியை மாற்றுவதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. கஞ்சித் தொட்டியை நினைவுகூர வாசலில் ஓர் அண்டா வைத்து, வருபவர்களுக்கு ஊற்றலாம் என்றேன். அதையும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் செயலாளர் மட்டும் என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முப்பத்தொரு ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மா அவர். நூறு பிள்ளைகளில் முட்டையை இரண்டு தடவை வாங்கியவன் யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்.

"அந்தக் காலத்துல ஊத்துனது அரிசி நொய்க் கஞ்சி. நீங்க கேவுரு கூழுன்னு எழுதி இருக்கீங்க. அதுவும் ஆடி ஞாயித்துக்கிழமை."

"கேழ்வரகு உடம்புக்கு நல்லதும்மா."

"யார் உடம்புக்கு? உங்களுக்கா? நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவ சார். முதல் ஆராதனைக்குப் போயிட்டு எட்டு மணிக்கு வரேன். கரண்டி புடிக்கிறது கழகத்துக்காக. மத்ததெல்லாம் நீங்களே சொல்லிக்குங்க."

மற்றதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமை வாசலில் கூழ் அண்டா இருந்தால் அது அம்மனுக்கு ஊற்றும் கூழ் என்பது இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அண்டாவின் மூடியைத் திறந்து கால் மணி நேரத்தில், தூக்குச்சட்டியும் சொம்புமாகத் தெருவே வரிசையில் நின்றது. நான் ஒரே ஒரு விதி வைத்தேன்: மாடிக்குப் போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு இறங்கியவர்களுக்குத்தான் கூழ்.

படிக்கட்டில் நின்றுகொண்டேன். இடது பாக்கெட்டில் அறுபது புளியங்கொட்டை. ஒரு தலை இறங்கினால் ஒரு கொட்டை வலது பாக்கெட்டுக்குப் போகும். ஒன்பதரைக்குக் கொட்டை தீர்ந்துவிட்டது. கூழுக்குக் கடித்துக்கொள்ள வைத்திருந்த சின்ன வெங்காயத்தில் கை கையாக அள்ளிப் போட்டுக்கொண்டு தொடர்ந்தேன்.

"அம்மன் எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு அம்மாள் இறங்கினார். "மேல எல்லாம் கஞ்சி வாங்குறவங்க படமாத்தான் இருக்குது."

"படம் பாத்தீங்க இல்ல? கூழ் வாங்கிக்குங்க."

"கருவாட்டுக் கொழம்பு இல்லையா?"

"வரலாற்றுல இல்லம்மா."

"இன்னா வரலாறோ போ" என்று சட்டியை நீட்டினார்.

பதினொரு மணிக்கு வியாபாரி மனைவியோடு வந்தார். என் வலது பாக்கெட்டில் அப்போது அறுபது கொட்டையும் எண்பத்தேழு வெங்காயமும் இருந்தன. எடுத்துக் காட்டினேன். அவர் வரிசையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், பேனரைக் கழுத்தைச் சாய்த்துப் படித்தார்.

"சார், இவங்க கூழுக்கு வந்தவங்க. வரலாத்துக்கு வரல. இது கணக்குல சேராது."

பதினான்கு பெட்டிகளும் என் வீட்டு வாசலில் இறங்குவது கண்ணில் தெரிந்தது. செயலாளர் கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்:

"அன்னிக்கு வந்தவங்களும் கஞ்சிக்குத்தாங்க வந்தாங்க. அதைத்தான் மாடியில மாட்டி வெச்சிருக்கோம். இருவத்தஞ்சு வருசத்துல நீங்க ஏறிப் பாத்தீங்களா?"

வியாபாரி கைக்கடிகாரத்தைத் திருகினார். கீழ்க் கடைப் பையனும் ஒரு சொம்போடு வரிசையில் நிற்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். அவனும் என் கணக்கில் ஒரு வெங்காயம்.

இதற்குள் வியாபாரியின் மனைவி அண்டாவின் கழுத்தில் வேப்பிலை கட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து முடித்திருந்தார். கையோடு கற்பூரமும் கொண்டுவந்திருந்தார். ஏற்றுவதற்கு முன் என்னிடம் திரும்பினார்.

"யார் பேர்ல ஊத்துறீங்க?"

கழகத்தின் பேரில் என்று சொல்லியிருக்கலாம். அவர் பார்த்த பார்வையில் அம்மனுக்குக் கழகம், செயற்குழு எல்லாம் எடுபடாது என்று தெரிந்தது. வியாபாரியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேர்லதான்மா" என்றேன்.

கற்பூரம் எரிந்தது. என் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கினியா? இந்த வாசல்ல, இவர் பேர்ல, கூழ் ஊத்த ஆரம்பிச்சாச்சு. ஆரம்பிச்சா மூணு வருசம் உடாம ஊத்தணும். நடுவுல இவங்களக் காலி பண்ணி அனுப்பிட்டு அந்தப் பாவத்த யார் சொமக்கிறது? நீயா? செல்போன் பையனா?"

வியாபாரி சொம்போடு நின்ற பையனைப் பார்த்தார். பையன், "ரூம் எனக்கு வேணாம் சார்" என்று சொல்லிக் கூழை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அறை எங்களுக்கு.

செயலாளர் ஒரு சொம்பை என்னிடம் நீட்டினார். "குடிங்க சார். உங்க பணத்துல இருந்து வந்தது."

"கழகப் பணத்துல இருந்துதானே?"

"உங்க பேர்ல வேண்டிக்கினு அடுத்தவங்க காசுல ஊத்தலாமா? எங்க சாமிகிட்டயே அதெல்லாம் செல்லாது. உங்க அம்மன்கிட்ட செல்லுமா?"

அதைக் கேட்டுக்கொண்டிருந்த வியாபாரியின் மனைவி, "செல்லாது" என்றார். என் மனைவியிடம் வீட்டில் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். பெட்டிகள் வராத மகிழ்ச்சியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மூன்று ஆடியும் முடிந்தது. இரண்டாம் ஆண்டிலிருந்து கருவாட்டுக் குழம்பும் வைக்க வேண்டியதாயிற்று, தெரு கேட்டது. வியாபாரி இரண்டு தடவை மாடி ஏறிப் படங்களைப் பார்த்தார். வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால் ஆறு நிமிடம் நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அறை இப்போதும் எங்களிடம் இருக்கிறது. முதல் ஆடிக்கு ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபது, இரண்டாவதற்குப் பத்தாயிரத்து நூற்றுப் பதினைந்து, மூன்றாவதற்குப் பதினோராயிரத்து இருநூற்று நாற்பது, கற்பூரத் தட்டில் நான் போட்ட பத்து. ஆக மொத்தம், என் சொந்தப் பணம், ரூபாய் முப்பதாயிரத்து எழுநூற்று இருபத்தைந்து.