திரையில் வராத அப்பா

மந்தின் ஊர்ப் பக்கம் எங்கள் பழைய எஸ்டேட்டின் இடுகாட்டை இடம் மாற்றப் போவதாக அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இடமாற்றப் பட்டியலில் பெயர் ஏறாத கல்லறை அங்கேயே மண்மூடிப் போகும். பட்டியலை இணையத்தில் போடும் வேலை என்னுடையது. ஒரே பக்கம்தான். கண்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டி ஒன்றுக்குள், பக்கத்தைக் காட்டும் சிறிய வெப் சர்வரை வைத்து ஓடவிட்டேன்.

கெமாஸிலிருந்து மேரி என்ற பெண் அழைத்து, தன் அப்பாவின் பெயர் இல்லை என்றார். உடனே கோப்பில் சேர்த்தேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அழைத்தார்.

"இன்னும் வரல லா தம்பி."

என் கணினியில் பெயர் பளிச்சென்று இருந்தது. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க போன்தான்கா பழசு. ரிஃப்ரெஷ் பண்ணுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

வியாழனன்று அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இறப்புச் சான்றிதழோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நான் பொய் சொல்லல தம்பி. நீங்களே பாருங்க."

அவர் போனில் பெயர் இல்லை. என் போனில் திறந்தேன். அதிலும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் திருத்தியது என் கணினியில் இருந்த கோப்பை மட்டுமே. கண்டெய்னரோ முதல் நாள் உள்ளே நகலெடுத்த பழைய பக்கத்தையே ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. திருத்திய கோப்போடு கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கி ஓடவிட இரண்டு நிமிடம் ஆனது. பெயர் வந்தது. மேரி திரையை விரலால் தொட்டார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"பரவால்ல. என்னை மாதிரி வேற யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

சேர்க்கச் சொன்ன பெயர் இன்னும் வரவில்லை என்று நான்கு பேர் அழைத்திருந்தார்கள். அவர்களிடமும் இதே எரிச்சலைத்தான் காட்டியிருந்தேன். அவர்கள் மறுபடி அழைக்கவே இல்லை.

பெயர் வந்துவிட்டது, தவறு என்னுடையது என்று அன்றே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் போனிலேயே அழுதார். எரிச்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரும்பாலும் என் மீதுதான்.