எலினோர் என்று நான்கு கப்பல்கள்

துறைமுகத்தில் அவரைப் பேர்க்காரர் என்றால்தான் தெரியும். பழுது பார்க்கக் கரையில் ஏற்றி நிறுத்திய கப்பல்களின் முகப்பிலும் பின்புறத்திலும் பெயர் எழுதுவது அவர் வேலை. கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்துகொண்டு ஆள் உயர எழுத்தைக் கோடு பிசகாமல் எழுதிவிடுவார். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று காலை பத்து மணிக்கெல்லாம், பழைய கப்பல் பதிவேடுகள் இருக்கும் எங்கள் அலுவலக வாசலில் நிற்பார். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போதே, "இது சாவி, இது பூச்சி மருந்து, அதோ வர்றாரு பாரு, அவரு வியாழக்கிழமை" என்று அறிமுகம் செய்துவிட்டுப் போனார். பேர்க்காரர் அப்போதே ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்தார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா 1868இல், ஆறு மாதக் கைக்குழந்தையையும் மனைவியையும் விட்டுவிட்டுச் சரக்குக் கப்பலில் ஏறினவர். அடுத்த வருடம் ஒரே ஒரு கடிதம் வந்தது. யாரையோ கெஞ்சி எழுத வைத்திருக்கிறார். நலம், கப்பலின் பெயர் எலினோர், பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா. அடியில் 48217 என்று ஓர் எண். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

பேர்க்காரர் குடியிருக்கும் அந்த வீட்டுக்கு இன்றைக்கும் தெருவில் 'ஓடிப்போனவர் வீடு' என்றுதான் பெயர். புதிதாக வரும் தபால்காரருக்குக்கூட அப்படிச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். பேர்க்காரர் சாயங்காலம் வரத் தாமதமானால் அவர் மனைவியே, "என்ன, நீங்களும் கிளம்பிட்டீங்களோன்னு பார்த்தேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அவரும் சிரிப்பார். ஆனால் வியாழக்கிழமை தவறாமல் எங்களிடம் வந்துவிடுவார்.

"மூழ்கியிருந்தா நல்லவரு தம்பி. கரை சேர்ந்திருந்தா கெட்டவரு. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்று ஒருமுறை சொன்னார். தன் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் மூழ்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பதிவேடு புரட்டியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சிக்கல் என்னவென்றால் அந்தக் காலத்தில் எலினோர் என்ற பெயரில் நான்கு கப்பல்கள் ஓடியிருந்தன. ஒன்று உப்பு ஏற்றியது. கிழடாகி விறகாக உடைபட்டது. ஒன்று துறையிலேயே தீப்பிடித்து எரிந்தது, ஆட்களுக்குச் சேதமில்லை. ஒன்று 1871க்குப் பிறகு பட்டியலில் காணவே காணோம். நான்காவது மரம் ஏற்றிப் போனது, 1870 புயலில் ஒருவர் மிச்சமில்லாமல் மூழ்கியது.

"இதான்" என்று முடிவு கட்டியிருந்தார் பேர்க்காரர். அந்தக் கப்பலின் ஆட்கள் பட்டியல் மட்டும் கிடைத்துவிட்டால் போதும், தெருவையே கூட்டிக் காட்டிவிடுவார்.

அந்த எண் என்னவென்று என்னிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பட்டத்தை அப்பா காலண்டருக்கு மேலே, யார் வந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறார். அந்தத் தெம்பில், "ஆளுக்குக் கொடுத்த எண்ணா இருக்கும்ண்ணே" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவரும் நம்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருடம் வீணாய்ப் போனது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்தில், கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்டோடு ஓடி வந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு வியாழக்கிழமை இல்லையே?"

"கிண்டல் அப்புறம் பண்ணு தம்பி. இன்னைக்கு ஒரு கப்பலுக்குப் புதுப் பேரு எழுதணும், கைமாறிடுச்சு. பழைய பேரைச் சுரண்டுறேன். பார்த்தா, எட்டு வருஷத்துக்கு முந்தி நானே எழுதின எழுத்து. என் எழுத்தை நானே சுரண்டுறேன்! அதுக்கும் அடியில இன்னொரு பேரு மேடு தட்டிட்டு நிக்குது." மூச்சு வாங்கினார். "முப்பது வருஷமா இதே பொழப்பு. கப்பல் விலை போனா பேரு மாறும்னு எனக்குத் தெரியாதா? அந்த மூணாவது எலினோர் காணாமப் போகல தம்பி. பேரு மாத்திட்டானுங்க!"

பெயர் மாறினாலும் கப்பலில் மாறாதது ஒன்று உண்டு. நடு உத்தரத்தில் செதுக்கிய பதிவு எண். கடிதத்தின் அடியில் இருந்தது அந்த எண்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோப்பைக் கொடுத்துக் கை கழுவச் சொன்னேன். பெயர் வரிசைப் பதிவேடுகளையே இத்தனை வருடம் புரட்டியிருக்கிறோம். எண் வரிசைப் பதிவேடு மேல்தட்டில் தூசியோடு கிடந்தது.

48217. எலினோர். 1871இல் விற்கப்பட்டது. புதிய பெயர் ஹாரியட்.

மூழ்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப ஓடித்தான் போயிருக்காரு" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹாரியட்டை எங்கள் துறைமுக வருகைப் பதிவேட்டிலேயே கண்டுபிடித்தேன். 1873, ஏறக்குறைய மாசி மாதம். ஆட்கள் பட்டியலில் ஆறாவது பெயர் அவருடைய கொள்ளுத்தாத்தாவுடையது. பெயருக்கு எதிரே ஒரு கைநாட்டு. அவர் அதைத் தொடவில்லை. விரலை மேலே பிடித்தபடியே வைத்திருந்தார்.

"இங்க வந்தாரா? இதே ஊருக்கா? வந்துமா வீட்டுக்கு வரல?"

"இறங்க விடலண்ணே. கப்பல்ல காய்ச்சல். நோய்க் கப்பல்னு மஞ்சக் கொடி ஏத்தி, கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே ஒன்றரை மைல்ல நிறுத்திட்டாங்க. பதினோரு நாள். தண்ணி மட்டும் படகுல போயிருக்கு. அப்புறம் அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க."

இரண்டு வருடம் கழித்து ஹாரியட் மறுபடி வந்தபோது ஆட்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. எங்கே இறங்கினார், இறங்கினாரா என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பதில் இல்லை.

அன்று என்னையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கப்பல் வரும்போதெல்லாம் கொள்ளுப்பாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், "எலினோர் வந்துருச்சா?" என்று விசாரிப்பாராம். அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்கிற கதை அது.

"அந்தப் பதினோரு நாளும் கேட்டிருப்பாங்கல்ல?" என்றார் அண்ணி.

"கேட்டிருப்பாங்க" என்றார் பேர்க்காரர்.

"துறைமுகத்துக்காரன் வரலைன்னு சொல்லி அனுப்பியிருப்பான்."

"கப்பல் பேரு அப்ப வேற இல்லையா."

அண்ணி "அங்கேருந்து பார்த்தா நம்ம வீடு தெரியுமா?" என்று கேட்டார். வீடு மூன்று தடவை இடித்துக் கட்டியது. இடம் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரிந்த படகோட்டி ஒருவர் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். பதிவேட்டில் இருந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். கரையில் வீடுகள் தீப்பெட்டி அடுக்கியது போல நெருக்கியடித்து நின்றன. பேர்க்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது ஒரு மொட்டை மாடியில் யாரோ சிவப்புப் போர்வையை உதறிக் கொடியில் போட்டார்கள்.

"அவதான்" என்றார். "வீட்டை அடையாளம் தெரியட்டும்னு போடுறா." படகின் விளிம்புக்கு நகர்ந்தார். "கதவுகூடத் தெரியுது தம்பி. ஆளு நடமாடுறதுகூடத் தெரியுது. பதினோரு நாள் இதைப் பார்த்துட்டு இருந்திருக்காரு."

படகு ஆடிக்கொண்டிருந்தது. படகோட்டி இரண்டு முறை கனைத்துப் பார்த்துவிட்டு, "போலாமாண்ணே?" என்றார்.

"இருப்பா" என்றார் பேர்க்காரர். "அவ இன்னும் மாடியிலதான் நிக்கிறா."