இரண்டு படங்களும் ஒரு தலைவியும்

நடுவுநிலைமை என்னும் அறம் வழக்குத் தீர்ப்பவர்க்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். வேலை போய் வீட்டில் அமர்ந்திருக்கையில், தம் மனைவியின் பெயர் ஊர்வாயில் அடிபடுகையில், அவ்வறத்தைக் கைவிடாத ஒருவரை யான் அறிவேன். அவர் சில்வஸ்டர், குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தவர். கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைந்தது முதல் தூளாக வெளியேறும்வரை அதன் மணத்துக்கும் நிறத்துக்கும் பொறுப்பாளரை மலையில் அவ்வாறு அழைப்பர்.

தேயிலை விலை சரிந்து கிடந்த, இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. பச்சை இலையைக் கேட்பாரில்லை. தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள் ஓடிற்று. பின் அதுவும் அடங்கிற்று. பழக்கத்தால் சில்வஸ்டர் விடியுமுன் எழுவார். போக இடமின்றிக் கம்பளியைப் போர்த்தி அடுப்பருகே அமர்வார். அவர் மனைவி பிலோமி மட்டும் ஓயவில்லை. கோயிலின் மாதர் சங்கத்துக்கு அவரே தலைவி. சமைக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துவைக்கும் பிடியரிசியைத் திரட்டி, வேலை நின்றுபோன தொலைவான லயன்களுக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, கொண்டுபோய்க் கொடுப்பார். இலை ஏற்றும் பிக்கப் வண்டிக்கு இலை இல்லாமையால், அதன் ஓட்டுநர் வீரையா கூலி கேளாமல் அரிசியை ஏற்றினார். முன் இருக்கையில் பிலோமி அமர்ந்து போவார். அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு. தலைவி என்றாலே ஊருக்கு அவர்தாம்.

மலையை விட்டு இறங்கிய மேலாளர், தம் வீடியோப் பெட்டியையும் சில கேசட்டுகளையும் ஸ்டாஃப் கிளப்புக்கு விட்டுச் சென்றிருந்தார். அவற்றுள் இரண்டு, ஒரே பிரெஞ்சு நாவலைக் கொண்டு போட்டியாக எடுக்கப்பட்டு, அடுத்தடுத்து வெளிவந்த படங்கள். நாவல் பழையது, முற்றும் கடிதங்களால் ஆனது. பொழுது போகாத சீமான் ஒருவனும் சீமாட்டி ஒருத்தியும் பந்தயம் பேசிக்கொண்டு, பக்தி மிகுந்த குடும்பப்பெண் ஒருத்தியை வஞ்சித்து வீழ்த்துவதே கதை. சனிக்கிழமைக்கு ஒன்றாக இரண்டையும் போட்டு எது சிறந்ததென்று தீர்மானிப்போம் என்றனர் கிளப்பினர். ஊரே சும்மா இருந்தமையால் ஊரையே அழைத்தனர். அந்நாவலை ஆங்கிலத்தில் படித்திருந்த சில்வஸ்டருக்கு, வசனத்தைத் தமிழில் சொல்லும் பணியும் முடிவு கூறும் பணியும் சேர்ந்தே வந்தன. இரண்டு கோப்பைகளை அருகருகே வைத்து, ஒரே அளவு உறிஞ்சி, விழுங்காமல் துப்பி, அதன் பின்பே வாய் திறப்பது அவர் தொழிலின் வழக்கம். படத்துக்கும் அதுவே வழி என்று அவர் எண்ணினார்.

முதற் சனிக்கிழமை பிற்பகலில் முதற்படம் ஓடிற்று. கட்டில் தெரியும் இடமெல்லாம் சில்வஸ்டர் விசையை அழுத்தி வேகமாக ஓட்டிவிட்டார்.

“ஏனுங்க, கதையே அங்கதானுங்க இருக்குது!” என்று பின்வரிசையிலிருந்து கத்தினார் தொழிற்சாலை ஃபிட்டர் தனசிங்.

“உன்ற கதைய ஊட்டுல போயிப் பாத்துக்க தனசிங்கு” என்று ஒரு குரல் பதில் கொடுத்தது.

பிழை நேர்ந்தது இதற்குப் பின். அந்தப் பக்தையின் கணவன் ஒரு நீதிமன்றத்தின் தலைவன். நாவலில் அவளையும் அப்பதவியின் பெயராலேயே குறிப்பர். சில்வஸ்டர் யோசியாமல் அதனைத் தமிழாக்கினார்.

“இப்பத் தலைவி கோயிலுக்குப் போறாங்க. தலைவி கண்ணுல படணும்னே அவன் ஏழைங்களுக்கு உதவி பண்றான் பாருங்க. தலைவியும் நம்பிட்டாங்க.”

பழைய அகப்பாட்டில் தலைவி என்பவள் பெயர் சுட்டப்படாத காதல் மகள். அக்கூடத்திலோ அச்சொல்லுக்கு ஒரே பொருள். முன்வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கும் பேச்சி, “அப்ப இவன்தான் பிக்கப்புக்காரனுங்களா?” என்றார். கூடம் சிரித்தது. படத்தில் கண்ணாக இருந்த சில்வஸ்டருக்கு அச்சிரிப்பின் காரணம் எட்டவில்லை. இறுதிவரை தலைவி, தலைவி என்றே சொன்னார். அப்பெண் மனமுடைந்து இறந்தாள். படம் முடிந்தது.

வாய்க்குள் முணுமுணுக்கும் பழியை அம்பல் என்றும், அது விரிந்து ஊரறிந்தால் அலர் என்றும் முன்னோர் பிரித்தனர். ஞாயிறு பூசைக்குள் அம்பல் அலராயிற்று. மனைவியின் நடத்தையைக் கணவனே படத்தின் சாக்கில் சொல்லிவிட்டான் என்றது ஊர். வீரையாவின் மனைவி கருப்பம்மா வண்டிச்சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். சங்கத்துக்கு வேறு தலைவி வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அரிசி மூட்டை பிலோமியின் வீட்டு நடையிலேயே கிடந்தது. லயன்களில் அதனை எதிர்பார்த்து உலை காத்திருந்தது.

பிலோமி ஒரு சுமையைத் தலையில் ஏற்றி அருகிலிருந்த லயன் வரை நடந்துவிட்டு வந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க, அந்தப் பொம்பளைக்கு வேற பேரே கெடைக்கலீங்களா உங்களுக்கு?”

“புக்குல அப்பிடித்தான் இருக்குது பிலோமி. நெனச்சுச் சொல்லலை.”

“நெனச்சுச் சொல்லியிருந்தாலாச்சும் உங்களோட சண்டை போட்டிருப்பேன். இப்ப நான் யாருகூடப் போடறது?”

சில்வஸ்டர் அவர் முழங்காலுக்கு வெந்நீர் வைக்க எழுந்தார்.

வாரத்தின் நடுவில் தனசிங் ஒரு வழியோடு வந்தார். “ரெண்டாவது கேசட்டப் போட்டுப் பாத்துட்டேனுங்க. எங்கயும் ஓட்டாமப் பாத்தேன். அதுல அந்தப் பொண்ணு சாகறதில்லீங்க; புருஷங்கிட்டயே திரும்பிப் போயிருது. அதுதான் ஒசத்தின்னு சொல்லிப் போடுங்க. தலைவி நல்லவங்கன்னு நீங்களே சொன்னாப்புல ஆயிரும்.”

“பாக்காம எப்பிடிச் சொல்றது?” என்றார் சில்வஸ்டர்.

“ஊட்டுக்காரம்மா பேரு நாறுது. உங்களுக்குப் படம் முக்கியமுங்களா?”

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. பிலோமி வந்து முன்வரிசையில் அமர்ந்தார். திரையில் அப்பெண் தோன்றியதும் சில்வஸ்டர் தடுமாறினார்.

“இந்த… நீதிபதி சம்சாரம்…”

“தலைவின்னே சொல்லுங்க” என்றார் பிலோமி, திரும்பிப் பாராமல். “அவ பேர மாத்திட்டா எம்பேரு வெளுத்துருமா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. சில்வஸ்டர் தலைவி என்றே சொல்லி முடித்தார்.

விளக்கைப் போட்டதும், எது சிறந்தது என்று கேட்டு தனசிங் கண்ணைச் சிமிட்டினார். சில்வஸ்டர் கேசட்டை வெளியே எடுத்தார். மிகவும் களைத்திருந்தார்.

“மொதப் படமுங்க” என்றார்.

“அப்பத் தலைவி சாகறதுதான் நல்லதுங்களா?” என்றார் பேச்சி.

“இந்தப் படம் பாக்க அழகா இருக்குது. அந்தப் பொண்ணு பொழச்சதுல எனக்கும் சந்தோசந்தான். ஆனா அவளுக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு இதுல தெரியலைங்க. மொதப் படத்துல தெரியுது. ரெண்டு பேரு உக்காந்து பேசிச் சிரிச்ச சிரிப்புல ஒருத்தி செத்துப் போறா. நம்மளும் போன வாரம் இதே எடத்துல சிரிச்சோமுங்க.” குரல் தாழ்ந்தது. “எம்பொண்டாட்டி எங்க போறா, எதுக்குப் போறான்னு எனக்குத் தெரியும். அதச் சொல்றதுக்காக ஒரு நல்ல படத்தை மட்டம்னு சொல்ல மாட்டேன்.”

கைதட்டல் எழவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறினர்.

திங்கட்கிழமை காலையில் பிலோமியின் வீட்டு முன் வீரையாவின் வண்டி நின்றது. முன் இருக்கையில் கருப்பம்மா அமர்ந்திருந்தார்.

“இந்த சீட்டு இனி எனக்குத்தானுங்க. தலைவி பின்னால ஏறட்டும்” என்றார்.

“அரிசி போய்ச் சேந்தாச் சரி. என்னைக் கூரை மேல உக்காரச் சொன்னாலும் உக்காருவேன்” என்றார் பிலோமி.

மூட்டையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. சாலையில் நின்றிருந்த பேச்சி வந்து பிடித்தார், தாமும் ஏறிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. “தள்ளி உக்காருங்க தலைவி, அரிசி மேலயா நான் உக்காருறது?” என்று மட்டும் அதட்டினார். பிலோமி தள்ளி அமர்ந்தார்.

தொழிற்சாலை அவ்வாண்டு திறக்கவேயில்லை. வண்டி வளைவில் மறையும்வரை வாசலில் நின்ற சில்வஸ்டர், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே சென்றார். அவ்வீட்டில் உலை ஒழியாது பொங்குக. அங்கு உறங்குவோர்க்கு அச்சமில்லாத உறக்கம் வாய்க்க. பழிச்சொல் அவ்வாயிலைத் தாண்டாது நிற்க. பசியென்று வருவோர் தாண்டி வருக. எல்லாம் அறிந்தும் வாய் திறவாத இறைவன் அக்குடியை நெடிது காக்க.