கிரைண்டர் மேல் ஊற்றிய உப்புத் தண்ணீர்

சபையாரே, ஆண்டவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்துச் சொன்னால் இது சாட்சியாகாது.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையைக் கூட்டிப் பெருக்கத் தொடங்கியவன், இன்று சொந்தப் பட்டறையில் கிரைண்டர் செய்கிறேன். என் கிரைண்டரில் ஆட்டிய மாவு பஞ்சுபோல் இருக்கும். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்படிப்பட்ட மெஷினைப் போன ஜூலை மாதம் ஃபெயில் என்றார்கள்!

வளைகுடா நாட்டிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் அங்கே எந்த மின்சாரப் பொருளையும் இறக்க விடமாட்டார்கள். சோதனைக் கூடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? என் கிரைண்டரில் உப்புத் தண்ணீரை வழிய வழிய ஊற்றினார்கள். தண்ணீர் சுவிட்சுக்குள் இறங்கிக் கரண்ட் கசிகிறதாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏனுங் தம்பி, நீங்க இட்லி தின்னிருக்கீங்களா இல்லீங்களா? மாவாட்டற மெஷின்ல எவனாச்சும் உப்புத்தண்ணி ஊத்துவானுங்களா?"

"ரூல் அப்படித்தானுங்கய்யா" என்றான் சோதனை செய்த பையன்.

உள்ளூர் வியாபாரம் படுத்துக் கிடந்தது. அந்த ஆர்டரை நம்பித்தான் பட்டறையே நின்றது. மறுநாள் காலையில் முழங்காலில் நின்று சண்டையே போட்டேன். "ஆண்டவரே, படிக்காதவன் என்றுதானே என்னை மிதிக்கிறார்கள்? என் மெஷின் நல்லதா கெட்டதா, நீரே சொல்லும்!"

அன்றே ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்தான். சான்றிதழ் முத்திரை அடித்த ஸ்டிக்கர் சுருளை மேஜையில் வைத்தான்.

"இத ஒட்டி அனுப்பிப்போடுங்ணா. அங்க எவன் பார்க்கறான்?"

"பொய் முத்திரையாடா?"

"எல்லாரும் ஒட்டறதுதானுங்ணா. ஸ்டிக்கர் என்ன ஷாக்கா அடிக்கப் போகுது?"

என் கை அந்தச் சுருளுக்குப் போனது.

"இயேசப்பா!" சமையலறையிலிருந்து என் மனைவி எஸ்தரின் அலறல். ஓடினேன். அதே மாடல் கிரைண்டர். மாவை வழித்துவிட்டு, எல்லா வீட்டிலும் செய்வதுபோல், ஓடவிட்டபடியே சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறாள். மாவில் உப்புப் போட்டே ஆட்டுவது அவள் வழக்கம். அப்படியென்றால் வழிந்தது என்ன தண்ணீர்? உப்புத் தண்ணீர்தானே!

அவள் கை மெஷினோடு ஒட்டித் துடித்தது. புத்தி கெட்டுப்போய் அவளைப் பிடிக்கக் கையை நீட்டினேன். தொட்டிருந்தால் நானும் போயிருப்பேன். அந்த நொடியில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. கரண்ட் கட்டைத் திட்டாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை!

எஸ்தர் கீழே விழுந்தாள். மூச்சு இருந்தது. உள்ளங்கை கொப்பளித்திருந்தது. கண் திறந்ததும் கேட்டாள்: "ஏனுங்க, மாவு கொட்டிப்போச்சுங்களா?" நான் அழுதுவிட்டேன்.

வாசலை நோக்கி நழுவிய ஏஜென்டைப் பிடித்தேன். "ஷாக் அடிக்காதுன்னியே! வா, எம்பட ஊட்டுக்காரி கையப் பாத்துப்போட்டுப் போ!" சுருளோடு ஓடினான்.

நான் கேட்டேன், ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார். மெஷினைச் சரிசெய்ய எந்த இன்ஜினியரையும் கூப்பிடவில்லை. சுவிட்சை மேலே ஏற்றி, ரப்பர் வளையம் வைத்து, தண்ணீர் வெளியே வடிய வழி செய்தேன். சோதனைக் கூடத்தில் நானே சொன்னேன்: "இன்னும் ஊத்துங்க தம்பி!" ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. சான்றிதழ் வந்தது. சரக்கு கப்பலேறியது.

உள்ளூரில் விற்றவற்றையும் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்தேன். "உனக்கென்ன பைத்தியமா, இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார்கள். வெளிநாட்டுக்காரன் உயிரைக் காக்க மெஷினுக்குச் சோதனை, நம் வீட்டுப் பெண்களுக்குச் சாவா? இன்னமும் பொய் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் ஆலயத்தில் முன்வரிசையில்தான் உட்காருகிறார்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக்கு அந்த மெஷினைக் கொண்டுபோவீர்களா?

உங்களுக்கும் நெருக்கடி வந்தால் கோபத்தோடாவது அவரிடம் கேளுங்கள். ஆனால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் தருவார் என்று இருக்காதீர்கள்.

இப்போதும் கரண்ட் போனால் எங்கள் தெருவே திட்டுகிறது. எங்கள் வீட்டு இருட்டில் எஸ்தர் "ஸ்தோத்திரம்" என்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.