ஹெட்போன் நுழையாத வீடு

"அடியே, அந்தத் தூணைப் பிடுங்காதே! மாடி மொத்தமும் உன் தலைமேல விழும்!"

சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடியே கத்துகிறார் மைக் அக்கா. திரையை அவர் பார்க்கவே இல்லை. கூடத்து சோபாவில் குப்புறப் படுத்து டேப்லெட்டில் கோட்டை கட்டிக்கொண்டிருக்கும் மகளும் தலையைத் திருப்பவில்லை. "முட்டுக் குடுத்துட்டுத்தாம்மா எடுக்கிறேன்" என்கிறாள். கல் உடைகிற சத்தத்தை வைத்தே எந்தச் சுவர் என்று சொல்லிவிடும் காது அம்மாவுக்கு.

மைக் அக்கா என்பது எங்கள் குடியிருப்பு வைத்த பட்டப்பெயர். அவர் வீட்டுக்கு நேர் கீழ்வீடு என்னுடையது என்பதால் பெயர் வைத்ததில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுப்பது அவர் வேலை. எதிர்முனையில் யாராவது அலறினால் இவர் குரல் அப்படியே தாழ்ந்துவிடுமாம். "பதறாதீங்க. லைன்லயே இருங்க. எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க." அங்கே அடக்கி வைத்த சத்தத்தையெல்லாம் வட்டியும் முதலுமாக வீட்டில் வந்து இறக்கிவைப்பார்.

மகளுக்குப் பத்து வயது. மற்ற வீடுகளில் பூட்டு, மிரட்டல், கெஞ்சல் என்று என்னென்னவோ நடக்கிறது. இந்த வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்று. ஹெட்போன் வாசப்படி தாண்டக் கூடாது. "எதை வேணா பாரு, விளையாடு. ஆனா சத்தமா. பக்கத்துல உக்கார எனக்கு நேரமில்ல. காது சும்மாதானே இருக்கு?" சட்டம் கணவருக்கும் பொருந்தும். அச்சகத்தில் வேலை பார்க்கும் அந்த சாதுவான மனிதர் ஒருமுறை ஹெட்போனோடு குளியலறைக்குள் ஒளிந்திருக்கிறார். "என்னங்க, உள்ள தண்ணி சத்தமே வரல?" என்று கதவுக்கு வெளியே கேட்ட குரலில் என் வீட்டுப் பூனை விழித்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், காவலுக்கு வைத்த காது மெல்ல ரசிகராக மாறிவிட்டது. எரிமலையைப் பற்றி ஏதோ வீடியோ ஓடினால், "வெடிக்கப் போவுதா? நிறுத்தி வை, அடுப்பை அணைச்சிட்டு வரேன்!" என்று கரண்டியோடு ஓடிவருவார். வெடித்ததும் தாயும் மகளும் சேர்ந்து போடும் கூச்சலில் என் வீட்டு விட்டம் அதிரும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா கூடத்தில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சோபாவில் வழக்கம்போல் கோட்டை வேலை. சேர்ந்து விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளவும் அந்த விளையாட்டில் வசதி உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன் என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டாளியின் கீச்சுக் குரல் கேட்டது.

"உன் மதில் சூப்பரா இருக்கு. உனக்கு வைரக்கல் தரட்டா?"

"ஐ! நிஜமாவா?"

"நிஜமா. ஆனா நீ ஹெட்போன் போட்டுக்கோயேன். நாம ரெண்டு பேர் மட்டும் பேசலாம். உங்க அம்மாவுக்குக் கேக்க வேணாம்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு அக்கா திரும்பினார். இன்று கூரை பறக்கப் போகிறது என்று நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவரோ ஓசையில்லாமல் போய் மகளின் அருகில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தபோது வந்தது நான் கேட்டறியாத குரல். தாழ்ந்த, நிதானமான, எஃகு போன்ற குரல்.

"தம்பி, பாப்பாவோட அம்மா பேசுறேன். உங்க பேரு என்ன? எங்கேருந்து பேசுறீங்க? உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட குடுங்க, நான் பேசணும்."

பதிலுக்கு ஒரு இருமல் மட்டும் கேட்டது. நன்றாக வளர்ந்த ஓர் ஆணின் இருமல். பிறகு டொக்கென்று ஆள் மறைந்துபோனான்.

"அவன் பேரு திரையில இருக்குல்ல? முதல்ல அதைப் படம் பிடி. போலீசுக்குக் குடுக்கணும்." மகள் பிடித்தாள். "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் கேட்டிருக்கானா?"

குழந்தை டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நேத்து... என் ஃபோட்டோ அனுப்பச் சொன்னான். நான் அனுப்பலம்மா."

"நேத்து நான் இங்கதானே இருந்தேன். எனக்கு ஒண்ணுமே கேக்கலையே?"

"பேசலம்மா. எழுதினான்."

எழுத்துக்கு ஏது சத்தம்? இத்தனை காலம் நம்பியிருந்த காவலில் இவ்வளவு பெரிய ஓட்டை.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா டேப்லெட்டைப் பிடுங்கிடுவ. என் கோட்டை போயிடும்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை பீறிட்டது.

சத்தம் கேட்டுப் பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து நின்றார் கணவர். விஷயம் தெரிந்ததும் அந்த சாது மிரண்டது. "முதல்ல அதைத் தூக்கிப் பரண்ல போடு! இனிமே இந்த வீட்ல அது கிடையாது!"

"பிடுங்கினா, நாளைக்கு ஒண்ணுன்னா இவ வாயைத் திறப்பாளா? தப்பு பண்ணினவன் அவன். தண்டனை இவளுக்கா?" என்றார் அக்கா. நுரை கழுத்தில் வழிவதுகூடத் தெரியாமல் நின்ற கணவர், குனிந்து மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

"கண்ணைத் துடை. இதுல எங்கெங்க ஓட்டை இருக்கு, எல்லாத்தையும் காட்டு. நான் மக்கு, மெதுவா சொல்லிக் குடு" என்றார் அக்கா மகளிடம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நிஜமான கோட்டைப் போர். "இது அவனைத் தடுக்குற பட்டன். இதை அழுத்தினா தெரியாதவங்க யாருமே எழுத முடியாதும்மா!" "அழுத்து, அழுத்து! பேசுறதுக்கு?" "அதுக்கும் இருக்கு!" "மூடு அதையும்! உன் வகுப்புப் பிள்ளைங்க மட்டும் வரட்டும்." ஒவ்வொரு கதவும் அடைபடும்போது இருவரும் கைதட்டிக்கொண்டார்கள். ஏணியைக் கீழே வைக்க மறந்து நானும் ஒரு தடவை தட்டிவிட்டேன் போலிருக்கிறது. அது சரிந்து செருப்பு அலமாரியில் மோத, குழந்தை கண்ணீரோடு கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

எல்லாம் முடிந்ததும் அவளே டேப்லெட்டை நீட்டினாள். "இன்னிக்கு நீயே வச்சுக்கோம்மா."

அக்கா அதை இடது கையால் வாங்கி, ஈரமாயிருந்த திரையைத் தன் துப்பட்டாவில் துடைத்து, மகளின் மடியிலேயே திருப்பி வைத்தார். "அந்த மேற்கு மதில் பாதியில நிக்குது பாரு. கட்டு" என்றார். அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. மகள் கவனிப்பதற்குள் அதைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.